நாற்பதடி

சமையல் மேசையில் இரண்டு உறைகள்.
ஒன்றில் நரைத்த தம்பதி சைக்கிள் விடுகிறார்கள்,
பல் முப்பத்திரண்டும் சொந்தப் பல் போல.
மெடிகேருக்கு மேல் மாதத் தவணை பூஜ்யம்.
மூக்குக் கண்ணாடிக்குப் பணம். ஜிம்முக்கு இலவச அட்டை.
மற்றதில் படமே இல்லை.
தலைக்கு மாதம் நூற்று எண்பத்திரண்டு டாலர்,
பெரிய எழுத்தில், ஒளிக்காமல்.

காகித ஆலை கொடுத்துவந்த காப்பீடு
டிசம்பரோடு முடிகிறது.
வெளியே சுப்பீரியர் ஏரி
தன் பனியைக் கொண்டுவந்து எங்கள் படியில் கொட்டுகிறது.
வைனோ சைக்கிள்காரர்கள் கட்சி.
"நான் விழமாட்டேன்" என்கிறான்.
போன மார்ச்சில் கொட்டகைக் கூரையிலிருந்து
பனிவாரியோடு அவன் தரைக்கு வந்து சேர்ந்ததை
விழுந்ததாக அவன் கணக்கு வைப்பதில்லை.

நான் எல்மரை நினைக்கிறேன்.
இடுப்பெலும்பு.
மறுவாழ்வு மையத்தில் பதினேழாம் நாள் கடிதம் வந்தது,
அவரைப் பார்த்தே இராத ஒருவரிடமிருந்து:
நடைச்சட்டம் பிடித்து நாற்பதடி நடக்கிறார்,
இனி வீட்டுக்குப் போகலாம்.
நாற்பதடி, மெழுகிய சமதரையில்.
எல்மர் வீட்டில் கழிப்பறை மாடியில்.
பதினான்கு படி.
படியைப் பற்றிக் கடிதம் மூச்சு விடவில்லை.
பிப்ரவரி முழுக்கச் சாய்வு நாற்காலியில் தூங்கினார்,
பக்கத்தில் ஒரு வாளி, அதன்மேல் பூப்போட்ட துண்டு.
கேக் எடுத்துக்கொண்டு போகும் நாங்கள்
துண்டைப் பார்க்காமல் பேசப் பழகினோம்.
மேல்முறையீடு செய்யலாம், நாளை நண்பகலுக்குள்,
என்று கடைசி வரியில் இருந்ததாம்.
அவர் கண்ணாடி வீட்டில் இருந்தது.

நூலகத்தில் செவ்வாய்தோறும் ஆலோசனை சொல்லும் பெர்னிஸ்
பென்சிலால் மேசையைத் தட்டிச் சொன்னாள்:
"நூறு நாள் என்று இரண்டிலும் போட்டிருப்பான்.
நாளை எண்ணுவது யார் என்று கேள்.
ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி படுத்தால் மட்டும் போதாது,
உள்நோயாளி என்று எழுதினார்களா என்று கேள்.
கண்காணிப்பில் என்று எழுதியிருந்தால்
அதே கட்டில், அதே சூப், பில் வேறே.
இப்போது சேர்ந்தால் உடம்பைப் பற்றிக் கேட்கமாட்டார்கள்.
அப்புறம் வந்தால் கேட்பார்கள்."

அன்றிரவு டேப்பை எடுத்து வீட்டை அளந்தேன்.
கட்டிலிலிருந்து குளியலறை முப்பத்தோரு அடி,
நடுவில் ஒரு திருப்பம்.
துணி துவைக்கும் இயந்திரம் நிலவறையில்: பதினோரு படி.
வாசலில் ஐந்து, பிடி இல்லாமல்.
எண்ணெய்க்காரனுக்கும் மருந்துக்கடைக்கும் போக
ஒரு நூற்று எண்பத்திரண்டுதான் மிஞ்சும்.
இரண்டு மிஞ்சாது.
படமில்லாத தாளில் வைனோ பெயரை எழுதினேன்.
சைக்கிள் தாளில் என் பெயர்.

காலையில் என் தாள்களுக்கு மேல் வேறு தாள்கள்.
ஆலையில் ஷிப்ட் பதிவேடு எழுதும் அதே கட்டை எழுத்தில்
படமில்லாததில் என் பெயர்.
சைக்கிளில் அவன்.
சண்டை போட்டோம். நல்ல சண்டை.
யார் எலும்பு மோசம் என்று
பழைய எக்ஸ்ரேக்களை ஜன்னலில் பிடித்துப் பிடித்துக் காட்டினோம்,
சந்தையில் மீன் விற்பவர்கள் மாதிரி.
என் முதுகெலும்பு ஜெயித்தது.
ஜெயித்தும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அவன் எழுந்து வெளியே போனான்.
துளைக்கருவியின் சத்தம்.
வாசல்படிக்கு ஒரு கைப்பிடி,
இரும்புக் குழாயில், இன்னும் வண்ணம் பூசாதது.
"இது காப்பீடு இல்லை" என்றேன்.
"தெரியும்" என்றான்.
திருகாணியை இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

வியாழக்கிழமை யாரோ வந்து
அவனுடைய படகையும் மோட்டாரையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.
நான் எதுவும் கேட்கவில்லை; ஜன்னலைத் துடைத்தேன்.
கொட்டகையில் படகு நின்ற இடத்தில்
தரை மட்டும் வேறு நிறம்.
இரண்டு வருஷத் தவணை வரும் என்றான்.
அதற்கப்புறம்?
தோளைக் குலுக்கினான்.

கடைசி நாளுக்கு முந்தின நாள்
தெருக்கோடித் தபால்பெட்டிக்கு நடந்தோம்,
படமில்லாத இரண்டு உறைகளோடு.
பனி முழங்கால்வரை. பேசவில்லை.
உதடு மட்டும் அசைந்துகொண்டே வந்தது அவனுக்கு.
பெட்டி மூடி டங்கென்று விழுந்ததும் சொன்னான்,
நான் கேட்காமலே:
"இருநூற்றுப் பன்னிரண்டு அடி."